பைப்படியில் ஒரு வெள்ளைப் பேசின்

போன மாதம் பிரஷர் மருந்து எடுப்பதற்காக, நான் வேலை செய்த அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போனேன். இதய கிளினிக்கில் இப்போது விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மெஷின். நோயாளி நாற்காலியை விட்டு எழும்புவதற்குள் எண் வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் காலையில் எடுத்த இரத்தத்துக்குப் பகல் சாப்பாட்டு நேரம் வரை பெஞ்சில் காத்திருப்பார்கள். நல்ல மாற்றம்தான். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

பழக்க தோஷத்தில், தண்ணீர்க் குழாய் இருக்கிற பைப்படிப் பக்கம் போனேன். எங்கள் வெள்ளைப் பேசின் ஏ.சி. மெஷினுக்குக் கீழே இருந்து, சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தங்கச்சி ஒருத்தி என்னை அடையாளம் கண்டு, "அண்ணே, இந்தப் பேசினை நீங்க இருந்த காலத்துல எதுக்கு வச்சிருந்தீங்க? அதுக்குன்னு ஒரு ஆணி கூட அடிச்சிருக்கு. யாரைக் கேட்டாலும் தெரியலங்குறாங்க" என்றாள்.

எனக்கு நாலு பேர் நடுவில் நின்று கதை சொல்ல வராது. பின்னால் வரிசை வேறு நின்றது. "எழுதித் தர்றேன்மா" என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே சிற்றூழியர். முதல் சில வருடங்கள் வார்டுகளில் தள்ளுவண்டி தள்ளினேன், தரை துடைத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. முதுகு வலி வந்த பிறகு கிளினிக்கில் போட்டார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவர் குசுமா மிஸ்ஸி. நோயாளிகள் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவர் சிங்களவர். ரத்தோட்டைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் எங்களைப் போலவே பேசுவார்.

கிளினிக்குக்கு வருகிறவர்களில் ஒரு கூட்டத்துக்குப் பெயரே "இரத்த மாத்திரைக்காரர்கள்". இதயத்தில் வால்வு மாற்றியவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள். இரத்தம் உள்ளே கட்டியாகிவிடாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரையை அவர்கள் தினமும் குடிக்க வேண்டும். அளவு குறைந்தால் இரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடும். கூடினால் எங்காவது கசிய ஆரம்பித்து நிற்காது. ஆளுக்கு ஆள் அளவு வேறு. ஒரே ஆளுக்கும் சாப்பாட்டைப் பொறுத்து, வேறு மருந்துகளைப் பொறுத்து மாறும். அதனால்தான் குறித்த தவணைக்கு வந்து இரத்தம் கொடுத்து, அது உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்ணைப் பார்த்து, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். வால்வு மாற்றியவர்களில் பலருக்கு எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நின்றால் மிஸ்ஸியின் முகம் மலரும்.

இரத்தம் எடுப்பதில் மிஸ்ஸிக்கு ஒரு முறை இருந்தது. நீல மூடி போட்ட சின்னப் போத்தலில் கொஞ்சம் மருந்துத் தண்ணீர் ஏற்கனவே இருக்கும். இரத்தம் அதன் கோடு வரை சரியாக நிரம்ப வேண்டும். குறைந்தால் எண் பொய் சொல்லும். மிஸ்ஸி ஒவ்வொரு போத்தலையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கோட்டுக்குக் கீழே நின்றால், "மன்னிச்சிக்கங்க, இன்னொரு தடவை கையக் குடுங்க" என்பார். ஒருவரும் கோபித்ததில்லை. பிறகு அந்தப் போத்தலை, தூங்கும் குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பது போல, மெதுவாகத் தலைகீழாகப் புரட்டி நிமிர்த்துவார். குலுக்கக் கூடாது. அதை லேபுக்குக் கொண்டுபோவது என் வேலை.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நோயாளியை எண் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஊர்ப் பெயரும் ஆள் பெயருமாகத்தான் கூப்பிடுவார்.

பேசின் வந்த கதை பல்லேபொலவில் இருந்து தொடங்குகிறது. அங்கே மிளகுத் தோட்டம் வைத்திருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் இரத்த மாத்திரைக்காரர். வாய் நிறைய வெற்றிலையோடுதான் வருவார். ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி கேட்பார், பல் ஈறில் இரத்தம் வருகிறதா என்று. மாத்திரை கூடினால் பலருக்கு முதலில் கசிவது அங்கேதான். பெரியவர் சிரிப்பார். "மிஸ்ஸி, எனக்கு வாய் எப்பவும் சிவப்புதான்" என்பார். ஒரு தவணைக்கு அவர் நடந்து வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைக்குள் இரத்தம் கசிந்து ஒரு பக்கக் கை கால் விழுந்துவிட்டது. ஒரு வாரமாகத் தலையணையில் சிவப்புக் கறை இருந்ததாக அவர் மனைவி சொன்னார். வெற்றிலை எச்சில் என்று நினைத்துத் துவைத்துப் போட்டிருக்கிறார்.

யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிளினிக் நாளில் மிஸ்ஸி வீட்டிலிருந்து இந்த வெள்ளை எனாமல் பேசினைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பைப்படியில் ஆணி அடிக்கச் சொன்னார்.

"ராஜு, இனிமே ரத்தம் எடுக்க முன்னால எல்லாரும் வாய் கொப்புளிச்சி இதுல துப்பணும். மூணு தடவை. மூணாவது தடவை தண்ணி வெள்ளையா வரணும். நீ பார்த்துச் சொல்லணும்."

எனக்கு உடம்பே கூசியது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஓர் ஆம்பிளை பிடித்திருக்கிற பாத்திரத்தில் எப்படித் துப்புவார்கள்? முதல் நாள் நான் பேசினை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். ஒரு பெண் என் சட்டைக் கையில் துப்பிவிட்டார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

மிஸ்ஸி வந்து மெதுவாகச் சொன்னார்: "நீ முகத்தத் திருப்பினா யாரு பார்க்குறது? ஆளப் பார்க்காத. பேசினைப் பாரு."

அது எனக்குப் பிடித்துக்கொண்டது. கூச்சக்காரனுக்கு இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. அன்றிலிருந்து நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை. குரலை வைத்தும் காலை வைத்தும்தான் ஆட்களைத் தெரியும். வெற்றிலை போடுகிறவர்களுக்கு முதல் தண்ணீர் கருஞ்சிவப்பாக, இலைத் துணுக்கோடும் பாக்குத் தூளோடும் விழும். இரண்டாவது செம்மண் தண்ணீர் மாதிரி. மூன்றாவது பெரும்பாலும் தெளிந்துவிடும். "வெள்ளைங்க மிஸ்ஸி" என்று நான் குரல் கொடுப்பேன். அவர் ஊசியை எடுப்பார்.

இப்படியே வருடங்கள் போயின. நான் எழுத நினைத்த நாள் ஒன்றுதான்.

ரிவர்ஸ்டன் போகிற வழியில் இருக்கிற ஒரு தோட்டத்திலிருந்து இந்திராணி என்று ஒரு பெண் வருவார். கொழுந்து எடுக்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். வால்வு மாற்றியவர். தவணை தப்பாதவர், எண்ணும் ஒழுங்காக நிற்கும். துணைக்கு எப்போதும் அதே லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டிலிருக்கிற பாக்கியம் அக்கா வருவார். பாக்கியத்துக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. டவுன் பார்க்கவும், பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போடவும், ஊர் வம்பு பேசவும்தான் வருவார். இருவருக்கும் வெற்றிலைப் பழக்கம் உண்டு.

அன்று காலையில் இந்திராணி மஞ்சள் சேலையில் வந்தார். இடது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. அன்று பொழுது சாய அவர் பால்குடம் எடுக்க வேண்டும். தவணையும் அதே நாளில் விழுந்துவிட்டது. இரத்தத்தைக் கொடுத்துவிட்டு, பகல் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்ற கணக்கு.

நான் பேசினைப் பிடித்தேன். முதல் தண்ணீர் சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. வெற்றிலை போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவதுக்குப் பேசினைக் கழுவினேன்.

பெஞ்சில் இருந்த பாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அடியாத்தே! விரதக்காரி துப்புறதப் பாருங்க! காப்புக் கட்டுன நாள்லருந்து எங்க யாரையும் இவ வாசல்ல வெத்தல மெல்ல விடல. இவ மட்டும் ஒளிஞ்சி ஒளிஞ்சி போட்டிருக்கா!"

பெஞ்சு சிரித்தது. "மாரியாத்தாவுக்கே டிமிக்கியா?" என்று யாரோ ஓர் ஆண் குரல் ஒத்து ஊதியது.

இந்திராணி கோப்பையோடு அவர் பக்கம் திரும்பினார். "அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. சாமி சத்தியமா தொடல. காப்புக் கட்டுனதுலருந்து வெத்தலய கண்ணால பாக்கல."

"அப்ப இது என்னாடி, குங்குமமா?"

"எனக்கு என்னான்னு தெரியும்? நான் போடலக்கா!" அழுகை வந்துவிட்டது. "இந்த வெரதம் எனக்கு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? இப்பிடி நாலு பேருக்கு முன்னால..."

உள்ளே போத்தல்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்த மிஸ்ஸி பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தார். சிரிப்பு நின்றது.

"இந்திராணி, திருப்பிச் சொல்லுங்க. எத்தன நாளா வெத்தல போடல?"

"ஒம்பது நாளுங்க மிஸ்ஸி. சத்தியமா."

மிஸ்ஸி என் கையிலிருந்த பேசினைப் பார்த்தார். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இலைத் துணுக்கு ஒன்று கூட இல்லை. தண்ணீர் மட்டும், நல்ல சிவப்பில்.

"இன்னொரு தடவை கொப்புளிங்க."

மூன்றாவதும் சிவப்பு. மிஸ்ஸி அவரை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், உதட்டை விரலால் தூக்கி டோர்ச் அடித்தார். ஈறின் ஓரத்தில் நூல் மாதிரி கசிந்துகொண்டிருந்தது. பிறகு சேலையைத் தோளில் விலக்கிப் பார்த்தார். கரு நீலமாக ஒரு பட்டை.

"இது என்ன?"

"கூடைக் கயிறு அழுத்துனதுங்க."

"எப்பவும் இப்படி நீலமாகுமா?"

இந்திராணி குனிந்து தன் தோளைப் பார்த்தார்.

"விரதத்துல என்ன சாப்பாடு?"

"ஒரு வேளைதாங்க. பாலும் பழமும். சோறு, கீரை ஒண்ணும் இல்ல."

"மாத்திரை?"

"அது ஒரு நாளும் தப்பலங்க மிஸ்ஸி. நீங்க சொன்ன மாதிரி அதே அளவு."

இதுதான் நடந்திருக்கிறது. வழக்கமாக இந்திராணி வீட்டில் தினம் ஒரு கீரை இருக்கும். அந்தச் சாப்பாட்டுக்குத்தான் மாத்திரையின் அளவு. சாப்பாடும் கீரையும் நின்றுவிட்டன, மாத்திரை நிற்கவில்லை. அதே மாத்திரை இப்போது அவருக்குக் கூடிவிட்டது. வெற்றிலைக்காரி வாய் சிவந்திருந்ததால் லயத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. பழைய கறை என்றுதான் நினைத்திருக்கிறார்.

காப்பு இல்லாத கையில் மிஸ்ஸி இரத்தம் எடுத்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார். எடுத்தால் மறுபடி கசிந்தது. பஞ்சை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே, "ராஜு, இந்த ஒரு போத்தல மட்டும் தனியா கொண்டு போ. கையில குடுத்துட்டு நில்லு" என்றார்.

லேபில் நின்றேன். எண் எட்டைத் தாண்டியிருந்தது. போத்தல் கோடு வரை நிரம்பியிருக்கிறதா என்று அவர்கள் தூக்கிப் பார்த்தார்கள். நிரம்பித்தான் இருந்தது.

டொக்டர் வந்து பார்த்தார். உடனே வார்டில் படுக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தி அதை முறிக்கிற மருந்து கொடுக்க வேண்டும், நாளைக்குத் திரும்ப இரத்தம் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். மிஸ்ஸி தமிழில் சொல்லி முடிக்குமுன் இந்திராணி எழும்பிவிட்டார்.

"இல்லீங்க. நான் போகணும். நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல வந்துடுறேன்."

"நாளைக்கு இல்ல. இப்ப."

"மிஸ்ஸி, ஒப்பரேசனுக்குப் போறப்ப அம்மாகிட்ட மூணு வருசம் குடம் எடுக்குறேன்னு நேர்ந்துக்கிட்டேன். ரெண்டு எடுத்துட்டேன். இன்னைக்குக் கடைசிக் குடம். இத விட்டுட்டுப் படுத்தா, அந்த உசுரு எனக்கு எதுக்குங்க?"

மிஸ்ஸி அதட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "வெறுங்கால்ல, தலையில குடத்தோட, அந்த ஏத்தத்துல நடக்கப் போறீங்க. கல்லு தடுக்கி விழுந்து தலை அடிபட்டா, உள்ளுக்குள்ள ஓடுற ரத்தம் எங்க யாரு கண்ணுக்கும் தெரியாது. வாய் கொப்புளிச்சதே இன்னும் நிக்கல."

"விழமாட்டேன்ங்க. அம்மா பாத்துக்குவா."

"உங்களப் புடிச்சிக் கட்டி வைக்க என்னால முடியாது, இந்திராணி."

இந்திராணி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். "ராஜு, நீயாவது சொல்லு. உங்க ஆளுதானே."

கழுவாத பேசினைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வழி விட்டால் அந்தப் பெண் போய்விடுவார் என்று தெரியும். வழியை விடவில்லை, அவ்வளவுதான் செய்தேன். இந்திராணி என் முன்னால் வந்து நின்றார். நகருங்கள் என்று சொல்லவும் அவருக்குக் கூச்சம். இருவரும் பேசினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் அவர் துப்பிய சிவப்பு அப்படியே இருந்தது.

அப்போது பின்னால் பாக்கியத்தின் குரல் கேட்டது. "ஏய், இரு."

அவர் போனை எடுத்து நம்பரை அழுத்தினார். மறுபக்கத்தில் மேளச் சத்தம். கோயில் பூசாரி.

"பூசாரியண்ணே, பாக்கியம் பேசுறேன். நம்ம இந்திராணி ஆஸ்பத்திரியில. ஆமா, வாயிலருந்து ரத்தம். படுக்கச் சொல்றாங்க. அவ குடத்த வேற ஆளு எடுக்கலாமா? ... என்னது, யாரா? நான்தான். ... சிரிக்காதீங்கண்ணே. ... இல்ல, வெரதம் இல்ல. காலையில வெறும் பிளேன்டிதான் குடிச்சேன். வெத்தல போட்டேன், பொய் சொல்லமாட்டேன்."

எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். போனை வைத்தார்.

"இப்பலருந்து ஒண்ணும் திங்காம, வாயச் சுத்தமாக் கழுவிட்டு, வந்து தலைக்குக் குளிச்சிட்டுத் தூக்கச் சொல்றாரு. பேரு உன் பேருதான். உன் பேருலதான் அர்ச்சனை." இந்திராணியின் தோளிலிருந்து பையைக் கழற்றினார். "என் வாய் சொன்னதுக்கு என் தலை சொமக்கட்டும்டி. நீ படு."

இந்திராணி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். மிஸ்ஸி எழும்பி வார்டுக்கு வண்டி சொல்லப் போனார்.

பாக்கியம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பேசினைக் கழுவிக் கொண்டாங்க."

பைப்படியில் நின்று கொப்புளித்தார். ஆயுள் முழுக்க வெற்றிலை போட்ட வாய். முதல் தண்ணீர் கருஞ்சிவப்பு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது.

"இன்னும் இருக்கா தம்பி?"

"கொஞ்சம் இருக்குக்கா."

விரலால் பல்லைத் தேய்த்து மறுபடி கொப்புளித்தார். இலைத் துணுக்கு ஒன்று விழுந்தது. நான் பேசினைக் கழுவிக் கழுவி நீட்டினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் விழுந்த தண்ணீரின் அடியில் எனாமலின் வெள்ளை தெரிந்தது.

"வெள்ளைங்க அக்கா" என்றேன்.

இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்து, வண்டியில் ஏறியிருந்த இந்திராணியின் மடியில் போட்டார். "என் வெத்தலப் பை. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன். தொறந்தேன்னா கைய ஒடிப்பேன்." சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் காலையில் எனக்கு வார்டில் வேலை இல்லை. இருந்தும் பேசினை எடுத்துக்கொண்டு போனேன். மிஸ்ஸி ஏற்கனவே அங்கே நின்றார். எண் இறங்கியிருந்தது. முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் பயம் போய்விட்டது. திருநீறும் பிரசாதப் பாலுமாகப் பாக்கியம் வந்து சேர்ந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"சிந்துச்சாக்கா?"

"ஒரு சொட்டு சிந்தல. என்னா கனம்டி அது! ரெண்டு வருசம் எப்படித் தூக்குன?"

மிஸ்ஸி இந்திராணியிடம் கோப்பையைக் கொடுத்தார். நான் பேசினைப் பிடித்தேன். அவர் கொப்புளித்துத் துப்பினார். முதல் தண்ணீரே வெள்ளை.

இந்திராணி பேசினை இழுத்துப் பாக்கியத்தின் முகத்துக்கு நேரே காட்டினார். "இப்ப பாருங்க. பாத்தீங்களா? நான் போடலன்னு சொன்னேன்ல?"

"பாத்துட்டேன்டி. பைய குடு மொதல்ல, வாய் நமநமங்குது."

அந்த வருடத்திலிருந்து திருவிழாக் காலம், நோன்புக் காலம் எல்லாவற்றிலும் மிஸ்ஸி முன்கூட்டியே கேட்க ஆரம்பித்தார், யார் யார் விரதம் என்று. விரதக்காரர்களுக்கு டொக்டரிடம் சொல்லித் தவணையை முன்னால் போடுவார். விரதம் இருக்காதே என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. வீட்டிலும் தினம் கொப்புளித்துத் துப்பிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வார். இந்திராணி இன்னும் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். மிஸ்ஸி ஓய்வு பெற்றுப் போனார். பிறகு நானும் வந்துவிட்டேன்.

தங்கச்சி, மெஷின் நல்ல மெஷின். எண்ணை அது சரியாகச் சொல்லும். ஆனால் அது தவணை நாளில் மட்டும்தான் சொல்லும். நடுவில் உள்ள நாட்களில் அந்த ஆட்கள் தங்கள் வாயைத் தாங்களே பார்க்கப் பழக வேண்டும். அதைப் பழக்குவதற்குத்தான் அந்தப் பேசின். அன்றைக்கு உங்களிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்துவிட்டுத்தான் வந்தேன். தண்ணீரைக் கொட்டி, பேசினைக் கழுவி, பழைய ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஏ.சி.க்குக் கீழே ஒரு வாளி வையுங்கள்.